பனிக்குள் ஒரு முகம்

போன மாசி மாதம் என் தங்கை ஒரு படம் அனுப்பினாள். மொன்றியல் நகரின் நடுவே நிற்கும் மோன் றோயல் மலையில், பீவர் ஏரிக்கரையில் எடுத்தது. அவளுடைய ஐந்து வயது மகள் சிவப்புக் கம்பளித் தொப்பியும் ஊதாக் குளிரங்கியும் போட்டுக்கொண்டு பனிக்குள் நிற்கிறாள். கூடவே ஒரு குரல் செய்தி.

“அண்ணா, நேரிலை பார்க்கேக்கை பிள்ளை எவ்வளவு வடிவா நிண்டவள் தெரியுமே? படத்திலை பிள்ளையைத் தேட வேண்டிக் கிடக்கு. இதை ஒருக்கால் சரிப்படுத்தித் தாங்கோ. அம்மாவுக்கு அனுப்ப வேணும்.”

படத்தைத் திறந்தேன். தங்கை சொன்னது சரிதான். பனி வெள்ளையாக இல்லை. பலதரம் தோய்த்த வேட்டிபோலச் சாம்பல் பூத்திருந்தது. முகம் கறுத்து, கண் எது புருவம் எது என்று பிரியாமல் கிடந்தது. தொப்பிக்குக் கீழே தோளில் விழும் கருமுடி, பின்னால் நின்ற மேப்பிள் மரத்தின் கரிய அடிமரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. வலது மூலையில் யாரோ ஒரு பிள்ளை இழுத்துப்போகும் செம்மஞ்சள் நிறச் சறுக்குவண்டி. என் கண் முதலில் அந்த வண்டிக்குத்தான் போனது.

பிள்ளைகளைப் படம் எடுக்கும் எல்லா வீட்டிலும் இந்தக் குறை உண்டு. திருவிழாக் கூட்டத்திலும் கடற்கரையிலும் பிறந்தநாள் மேசைக்கு முன்னாலும் நம் கண்ணுக்கு அந்த ஒரு முகம்தான் தெரிந்தது. படத்தில் அது மற்றவற்றோடு கலந்து காணாமல் போகிறது. கமராவில் பழுது ஒன்றும் இல்லை. அது எதையும் விடாமல் பதிந்திருக்கிறது. அப்படியானால் நேரில் அந்த முகத்தை எடுத்துக் காட்டியது எது? அதைப் படத்துக்குள் திரும்பக் கொண்டுவர முடியுமா?

இந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முந்நூறு முகங்களுக்கு ஒரே பனித்தளம்

நம் தலைமுறைக்கு முன்பே இதே ஊரில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் நொட்மன். ஸ்கொட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் 1826இல் பிறந்தவர். 1856இல் மொன்றியலுக்கு வந்து, புளூரி தெருவில் படக்கூடம் வைத்தார். நகரத்துப் பிரமுகர்களும் தாய்மாரும் பிள்ளைகளும் அங்கே வரிசையாக வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு ஒளியை வாங்கச் சில விநாடிகள் பிடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளையைச் சில விநாடி அசையாமல் நிறுத்துவது எப்படிப்பட்ட வேலை என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதோடு, அந்தத் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும்; சிவப்பு அதற்குக் கறுப்பு. குளிரில் சிவந்த கன்னம் படத்தில் கறை பிடித்ததுபோல வரும். ஆகவே ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, தகட்டிலும் தாளிலும் பென்சிலாலும் தூரிகையாலும் திருத்தினார் நொட்மன். நம்மூர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவில் கூர்ப்பென்சில் கொண்டு ‘டச்சப்’ செய்தார்களே, அதே வேலை.

1870இல் மொன்றியல் விக்டோரியா பனித்தளத்தில் ஒரு சறுக்கு விழா நடந்தது. விக்டோரியா மகாராணியின் மகன் ஆர்தர் இளவரசரும் அதில் கலந்துகொண்டார். நூற்றுக்கணக்கானோர் வேடம் புனைந்து சறுக்கும் காட்சியை அந்தத் தகட்டால் ஒரே தடவையில் பிடிக்க முடியாது. நொட்மன் அவர்களை ஒவ்வொருவராகத் தம் கூடத்துக்கு அழைத்தார். தனித்தனியே படமெடுத்து, உருவங்களைக் கத்தரித்து, ஓவியர் தீட்டிய பனித்தளத்தின்மேல் ஒட்டினார். அருகில் நிற்பவர் பெரிதாகவும் தூரத்தில் இருப்பவர் சிறிதாகவும் அளவு பார்த்து ஒட்டி, முழுவதையும் மறுபடி ஒரு படமாக எடுத்தார். ஏறக்குறைய முந்நூறு உருவங்கள். ஒட்டுப்படம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு முகமும் தெளிவாக இருந்ததால் ஒவ்வொருவரும் தம்மைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது.

கூடத்துக்குள்ளேயே குளிர்காலம் செய்யவும் அவருக்குத் தெரிந்திருந்தது. மெருகேற்றிய துத்தநாகத் தகடு உறைபனித் தரையாகும். விழும் பனிக்கு, படமெடுத்த கண்ணாடித் தகட்டின்மேல் தெறித்த வெள்ளைச் சாயம். அவருடைய ஸ்டுடியோவின் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்று ஷேர்புறூக் தெருவில் மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒட்டுப்படங்களை அருகில் பார்த்தால் இரண்டு விதமான உருவங்கள் தென்படும். சிலர் அந்த இடத்திலேயே நிற்பவர்கள்போல இருப்பார்கள். சிலர் கத்தரித்து ஒட்டியதுபோலவே இருப்பார்கள். வித்தியாசம் முகத்தில் இல்லை, உருவத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஓரத்துக்கு ஏன் அத்தனை பலம் என்பதற்கு விடை அந்த அருங்காட்சியகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் படித்த ஒருவரிடமிருந்து வந்தது. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் பனியைத் தீர்ப்போம்.

கமரா போட்ட தப்புக்கணக்கு

எவ்வளவு வெளிச்சம் வாங்குவது என்று கமரா தானே முடிவு செய்கிறது. அதற்கு ஓர் எளிய ஊகம் கற்பிக்கப்பட்டிருக்கிறது: உலகம் சராசரியாக நடுச்சாம்பல் நிறம். மரம், மண், சட்டை, சுவர் எல்லாவற்றையும் கலந்தால், விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பிவரும் என்பது பழைய கணக்கு. பெரும்பாலான இடங்களில் அது பொருந்திவிடும்.

புதுப்பனி அப்படியல்ல. விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கைத் திருப்பி வீசும். படம் முழுக்கப் பனி என்றால், “வெளிச்சம் அளவுக்கு மீறிவிட்டது” என்று கணித்துக் கமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. பனி நடுச்சாம்பலாக இறங்குகிறது. அதோடு சேர்த்து முகத்தையும் கீழே இழுத்துவிடுகிறது.

படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. தங்கையின் படத்தில் பனியைத் தொட்டுப் பார்த்தேன்: 118. கன்னம் 48. திருத்தும் செயலியில் வெளிச்சத்தை நான்கு மடங்காக்கினேன். பனி 220 ஆகியது, கன்னம் 97. நான்கு மடங்கு ஒளிக்கு எண் ஏன் இரண்டு மடங்குதான் ஏறியது என்று கேட்கலாம். இந்த எண்கள் நம் கண்ணின் போக்கைப் பின்பற்றி அமைக்கப்பட்டவை. இருட்டுப் பக்கத்தில் நுணுக்கமாகவும் வெளிச்சப் பக்கத்தில் பரும்படியாகவும் அடுக்கப்பட்டிருக்கும்.

பனி வெள்ளையாகிவிட்டது, கண் தெரிந்தது. ஆனால் நிழலில் மெல்லிய மணல் தூவியதுபோல ஒரு சொரசொரப்பும் வந்தது. கமரா அந்தக் கன்னத்திலிருந்து வாங்கிய ஒளி கொஞ்சம்தான். கொஞ்சத்தைப் பெருக்கினால் அதிலுள்ள தற்செயல் ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகும். எடுக்கும்போதே ஃபோன் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளியிருந்தால் இது நேர்ந்திருக்காது. பனியிலும் கடற்கரை மணலிலும் பிள்ளையைப் படம் எடுக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து நிறம். பிள்ளை மரநிழலில் நின்றாள். நிழலுக்கு ஒளி கொடுப்பது சூரியன் அல்ல, நீல வானம். நம் மூளை அந்த நீலத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும். கமரா முழுவதும் கழிக்கவில்லை. மாநிற முகத்தில் நீலம் படிந்தால் சாம்பல் பூத்தாற்போல உயிரில்லாமல் தெரியும். நிறச்சூட்டைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்தியதும் கன்னத்துக்கு இரத்தம் திரும்பியது. இந்த ஓர் அசைவு செய்யும் நன்மையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முகம் கறுப்பாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தொல்லை தருவது இந்த நீலம்தான்.

அக்கம்பக்க விளைவு

இவ்வளவு செய்தும் முகம் இன்னும் எடுபடவில்லை. 97 என்பது அந்தப் பிள்ளையின் நிறத்துக்குச் சரியான எண். இருந்தும் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் முகத்தின்மேல் கை வைப்பார்கள். நான் வைக்கவில்லை. காரணம் ஒரு பழைய சாயப்பட்டறைக் கதை.

பாரிஸில் கோபெலின் என்ற அரசாங்க நெசவுக்கூடம் உண்டு. சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணிகளுக்குப் பேர்போனது. 1824இல் அதன் சாயப் பிரிவுக்கு மிஷேல் செவ்ரோல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். அவரிடம் ஒரு புகார் வந்தது: நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யும் கறுப்பு நூல் வலுவில்லாமல் இருக்கிறது. செவ்ரோல் மற்ற ஊர்க் கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை வெளிறச் செய்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது அதன் அண்டை நிறத்தைப் பொறுத்தது என்பதை அவர் 1839இல் ஒரு பெரிய நூலாக எழுதினார்.

அக்கம்பக்க விளைவு என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஒரே சாம்பல் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் தாளிலும் மற்றதைக் கறுப்புத் துணியிலும் வையுங்கள். வெள்ளைமேல் இருப்பது இருண்டும் கறுப்புமேல் இருப்பது வெளிச்சமாகவும் தெரியும். ஒரே தாள் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் தெரியும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது பாடம் படித்துத் தெரிந்ததல்ல. சாணம் தெளித்து ஈரம் காயாத கருந்தரையில் போட்ட கோலம் எப்படிப் பளிச்சிடுகிறது! அதே மாவை வெள்ளைச் சிமெந்துத் தரையில் போட்டால் கோலம் காணாமல் போகும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைக்கும் காஞ்சிபுரத்து நெசவாளருக்கும், எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் என்பதுதான் தொழில்.

ஏன் இப்படி நடக்கிறது? விழித்திரையிலேயே இதற்கான வேலை தொடங்கிவிடுகிறது. 1953இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கஃப்ளர் பூனையின் விழித்திரை நரம்புகளை ஆராய்ந்து வெளியிட்டார். ஒவ்வொரு நரம்பும் பார்வைப் பரப்பில் ஒரு சிறு வட்டத்தைக் காவல் காக்கிறது. வட்டத்தின் நடுவில் ஒளி விழுந்தால் நரம்பு துடிக்கும். நடுவைச் சுற்றிய வளையத்தில் ஒளி விழுந்தால் துடிப்பு அடங்கும். இதற்கு நேர்மாறாக நடக்கும் நரம்புகளும் உண்டு. இரண்டிலும் ஒரே அளவு ஒளி விழுந்தால் நரம்பு பெரிதாக எதையும் சொல்வதில்லை. அதாவது கண் மூளைக்கு அனுப்புவது பெரும்பாலும் “இங்கே எவ்வளவு ஒளி” என்ற செய்தி அல்ல; “பக்கத்தைவிட இங்கே எவ்வளவு கூட, எவ்வளவு குறைய” என்ற செய்தி.

ஆகவே பிள்ளையின் முகம் வெளிச்சமாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தைக் குறைத்தாலே போதும். செயலியில் முகத்தைச் சுற்றி ஒரு நீள்வட்டம் வரைந்து, அதற்கு வெளியே உள்ளதை மட்டும் இறக்கினேன். முகத்துக்கு அருகில் பனி 205, நடுப்பகுதியில் 190, மூலைகளில் 170. முகத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கன்னம் அதே 97. ஆனால் சாளரத்தைத் திறந்து விட்டதுபோல முகம் மலர்ந்தது. தங்கை பிறகு பார்த்தபோது, “முகத்துக்கு என்ன போட்டனீங்கள்?” என்றுதான் முதலில் கேட்டாள்.

கண்ணாடித் தகட்டின் ஓரம்

மூலையில் 170, முகத்தருகே 205. இவ்வளவு பெரிய இறக்கம் பார்ப்பவருக்கு ஏன் தெரியவில்லை? பனி அழுக்காகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே!

இப்போது அந்த எதிர்ப்பக்கத்து மாணவரிடம் வருகிறேன். டேவிட் ஹியூபல், 1926இல் ஒன்ராறியோவில் வின்சர் நகரில் பிறந்து மொன்றியலில் வளர்ந்தவர். ஷேர்புறூக் தெருவில் இருக்கும் மக்கில் பல்கலைக்கழகத்தில் முதலில் கணிதமும் இயற்பியலும் படித்து, பிறகு மருத்துவம் முடித்தார். மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவிட்டு அமெரிக்கா போனார். அங்கே கஃப்ளரின் ஆய்வுக்கூடத்தில் டோர்ஸ்டன் வீசல் என்ற சுவீடன்காரரோடு 1958இல் சேர்ந்தார்.

மயக்கத்தில் இருக்கும் பூனையின் மூளையில், பார்வைக்குரிய பின்பகுதியில், தலைமுடியிலும் மெல்லிய மின்கம்பியை வைத்து ஒரே ஒரு நரம்புச் செல்லின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்பதுதான் சோதனை. கண்ணாடித் தகட்டில் கரும்புள்ளி ஒட்டி, திரையில் அதன் நிழலைக் காட்டினார்கள். செல் அசையவில்லை. வெண்புள்ளி காட்டினார்கள்; அதற்கும் இல்லை. மணிக்கணக்காக முயன்று களைத்த வேளையில், தகட்டைக் கருவிக்குள் செருகும்போது ஒலிபெருக்கி சடசடவென்று பொரிந்தது. புள்ளியைப் பார்த்து அல்ல. நகரும் கண்ணாடித் தகட்டின் ஓரம் திரையில் மெல்லிய கோடாக விழுத்திய நிழலுக்குத்தான் அந்தச் செல் துடித்தது. அதுவும் அந்தக் கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருந்தால் மட்டும்.

மூளைக்கு உலகம் முதலில் ஓரங்களாகத்தான் போய்ச் சேருகிறது என்பது அன்று தெரியவந்தது. ஒரு சாய்வுக்கு ஒரு செல், இன்னொரு சாய்வுக்கு வேறு செல். இந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிக்காக ஹியூபலும் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பனி மெல்ல மெல்ல இருண்டது தெரியாமல் போனதன் காரணம் இதுதான். 205 இலிருந்து 170 வரை படிப்படியாக இறங்கும்போது எந்த இடத்திலும் ஓரம் இல்லை. ஓரம் இல்லாத இடத்தில் அந்தச் செல்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதே இறக்கத்தை ஒரே கோட்டில் செய்திருந்தால் பிள்ளையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டதுபோல உடனே பிடிபட்டிருக்கும். நொட்மனின் ஒட்டுப்படத்தில் சில உருவங்கள் ஒட்டியதுபோலத் தெரிவதும் இந்த ஓரத்தால்தான். கத்தரியின் ஓரத்தை மூளை விடுவதே இல்லை.

ஓரம் கெடுக்கும், ஓரம் இல்லாவிட்டாலும் கெடும். பிள்ளையின் கருமுடி கரிய அடிமரத்தோடு ஒட்டிக் கிடந்தது என்றேனே, அங்கே முடி 30, மரம் 34. அந்த நான்கு எண் வித்தியாசத்தில் மூளைக்கு ஓரம் அகப்படவில்லை. அதனால் முகத்தின் இடப்பக்கம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. முடிக்குப் பின்னால் உள்ள மரப்பட்டையை மட்டும், ஒரு கை அகலத்துக்கு, மெல்ல 60 வரை உயர்த்தினேன். பனியிலிருந்து மரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெறித்ததுபோல இருந்தது. தோள்வரை முடியின் கோடு துலங்கியது. காதருகே காற்றில் எழும்பி நின்ற ஒரு சுருள்முடிகூடத் தெரிந்தது. முழுப் படத்தில் நான் மிகவும் மகிழ்ந்த இடம் அது.

சறுக்குவண்டியைப் பார்க்கும் கண்

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நம் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறது. விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு பள்ளம் அந்தக் கூர்மைக்குக் காரணம். மையக்குழி என்பார்கள். மற்ற இடமெல்லாம் மங்கல்தான். அந்தக் குழியை விநாடிக்கு மூன்று நான்கு தடவை இங்கும் அங்கும் பாய்ச்சி, துண்டு துண்டாகப் பொறுக்கி, முழுக்காட்சி கண்டதாக நம்புகிறோம்.

ரஷ்ய உளவியலாளர் அல்ஃப்ரெட் யார்பஸ் இந்தப் பாய்ச்சல்களைக் கண்ணில் பொருத்திய சிறு கருவியால் பதிந்தவர். அவர் பயன்படுத்திய படங்களில் ஒன்று, வோல்கா ஆற்றங்கரைச் சிறுமி ஒருத்தியின் முகம். பார்வை போன வழியைக் கோடாக வரைந்து பார்த்தால், இரண்டு கண்ணிலும் வாயிலும் கோடுகள் மொய்த்துக் கிடக்கின்றன. கன்னமும் நெற்றியும் ஏறக்குறைய வெறுமை. முகம் என்று ஒன்று அகப்பட்டால் பார்வை அங்கேயே சுற்றும்.

ஆனால் முதற் பாய்ச்சல் எங்கே என்பதில் போட்டி உண்டு. கண்ணின் மங்கலான பகுதிக்கு நுணுக்கம் தெரியாது. அழுத்தமான நிறமும் வெளிச்ச வேறுபாடும் தெரியும். வெண்பனியில் செம்மஞ்சள் வண்டி அதைக் கூப்பிட்டுவிடுகிறது. மூலைவரை போன கண் அங்கிருந்து திரும்பி வர நேரமாகும். ஃபோனில் படம் தள்ளிப் பார்க்கிறவர் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்.

வண்டியை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். இன்றைய செயலிகளில் விரலால் தடவினாலே மறைந்துவிடும். மனம் வரவில்லை. அன்று அந்த மலையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். அவள் நின்ற இடம் அதுதான். நிறத்தின் அழுத்தத்தைப் பாதிக்கு மேல் குறைத்து, சற்று இருட்டாக்கினேன். இப்போது அது காய்ந்த மேப்பிள் இலை நிறத்தில் மூலையில் அடங்கி இருக்கிறது. படத்தில் அழுத்தமான நிறமாக மிஞ்சியது சிவப்புத் தொப்பி ஒன்றுதான். தொப்பிக்கு நேர் கீழே கண்.

கண்ணில் ஒரே ஒரு வேலை செய்தேன். பனியின் வெளிச்சம் கருமணியில் சிறு புள்ளியாக ஏற்கெனவே விழுந்திருந்தது. அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

ஃபோன் வெட்டிய சுருள்முடி

“பின்னாலை மங்கலாக்கிற பொத்தான் இருக்கே, அதை அமத்தினால் காணாதோ?” என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி.

பெரிய கமராவின் அகன்ற வில்லை ஒரு தூரத்தில் இருப்பதை மட்டும் கூர்மையாகக் காட்டி, மற்றதைக் கரைத்துவிடும். ஃபோனின் வில்லை மிளகளவு. அதற்கு ஏறக்குறைய எல்லாமே கூர்மை. ஆகவே ஃபோன் கணக்குப் போட்டுத்தான் மங்கலாக்குகிறது: எந்தப் புள்ளி பிள்ளை, எந்தப் புள்ளி பின்புலம் என்று பிரித்து, பின்புலத்தை மட்டும் குழப்புகிறது.

பிரிக்க அதற்குக் கற்பித்த முறைக்கு வேர், ஹியூபலும் வீசலும் கேட்ட அந்தச் சடசடப்புத்தான். ஓரத்தை அறியும் செல்கள், அவற்றைச் சேர்த்து வடிவை அறியும் செல்கள் என்ற அடுக்கை முன்மாதிரியாகக் கொண்டு, 1980இல் ஜப்பானின் குனிஹிகோ ஃபுகுஷிமா ஒரு செயற்கை வலையமைப்பைச் செய்தார். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஆழ்கற்றல். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் யோஷுவா பெஞ்சியோ அதில் முன்னோடி. 2018ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ஜெஃப்ரி ஹின்டன், யான் லெகுன் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார். மொன்றியலில் வளர்ந்த ஒருவர் பூனையின் மூளையில் கண்டதில் தொடங்கிய வழி, மொன்றியலின் கணினி ஆய்வுக்கூடங்களைத் தொட்டுக்கொண்டு, என் தங்கையின் கைக்குள் வந்திருக்கிறது.

பொத்தானை அமத்திப் பார்த்தேன். மலைச்சரிவும் மரமும் அழகாகக் கரைந்தன. ஆனால் காதருகே இருந்த சுருள்முடியைக் காணவில்லை. அது மரத்தின் பகுதி என்று முடிவு செய்து, பின்புலத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டது ஃபோன். தொப்பியின் கம்பளி மயிர்களும் சவரம் செய்ததுபோல வழுவழுத்துப்போயின. முடிக்கும் காற்றுக்கும் இடையில் கத்தரிப்பதற்கு ஏற்ற ஓரம் இயற்கையில் இல்லை. ஒரு புள்ளியில் பாதி முடி, பாதி பனி. மங்கலின் அளவைக் கால்வாசிக்குக் குறைத்து, சுருள்முடியைத் தூரிகையால் திரும்ப ‘பிள்ளை’ப் பக்கம் சேர்த்தேன். அதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது.

97 என்ற எண்

தங்கை முதலில் அனுப்பியபோது இன்னொரு படமும் கூட இருந்தது. அதைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. ‘அழகாக்கு’ என்ற பொத்தானை அவளே அமத்திப் பார்த்திருக்கிறாள். அதில் கன்னம் 97 அல்ல, 170. தோல் மெழுகு பூசியதுபோல. நாடியில் இருந்த மச்சத்தைச் செயலி அழுக்கு என்று துடைத்துவிட்டது. பிள்ளை எடுப்பாகத்தான் தெரிந்தாள். ஆனால் அது வேறு ஒரு பிள்ளை.

இந்தக் கோணல் செயலிகளோடு வந்ததல்ல. மொன்றியலின் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ரோத் 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். படச்சுருள் காலத்தில், அச்சுக்கூடங்களில் நிறம் சரியா என்று பார்க்க ஒரு மாதிரி அட்டை வைத்திருப்பார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ‘ஷெர்லி அட்டை’ என்பது அதன் வழக்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. சுருளின் வேதிக் கலவையும் அந்தத் தோலை மனதில் வைத்தே செய்யப்பட்டது. கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் சேர்ந்து நின்ற பள்ளிக்கூடப் படங்களில், கறுப்புப் பிள்ளையின் முகத்தில் கண்ணும் பல்லும் தவிர மற்றது இருளாக வந்தது. தாய்மார் முறையிட்டார்கள். ஆனால் கபில நிறங்களை நுணுக்கமாகக் காட்டும்படி சுருளைத் திருத்த வைத்ததில், தங்கள் சாக்லேட்டும் மரத்தளபாடமும் விளம்பரத்தில் சரியாகத் தெரியவில்லை என்று முறையிட்ட நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு இருந்ததை ரோத் எடுத்துக்காட்டுகிறார்.

அதைப் படித்த நாளிலிருந்து பழைய குடும்பப் படங்களை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்து ஸ்டுடியோவில் வண்ணச் சுருளில் எடுத்த எங்கள் முகங்கள் இருண்டு கிடப்பதற்கு எங்கள் தோல் பொறுப்பல்ல. எங்களை எண்ணிப் பார்க்காமல் கலக்கிய வேதிப்பொருள் பொறுப்பு. அந்தப் படங்களைப் பார்த்துப் பவுடர் போட்டுக்கொண்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். என் மருமகள் அப்படி வளரக்கூடாது. அவளுடைய கன்னம் 97தான். 97ஐ வைத்துக்கொண்டே அவளை அந்தப் பனியின் நடுவே எல்லாருக்கும் முன்னால் நிறுத்த முடியும்; மேலே செய்தது எல்லாம் அதற்குத்தான்.

திருத்திய படத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் அம்மாவுக்கு அனுப்பினாள். அன்று இரவு, யாழ்ப்பாணத்தில் விடியற்காலை, வீடியோவில் அம்மா வந்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஃபோனை மூக்குக்கருகில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“இவ்வளவு பனிக்குள்ளை பிள்ளையின்ரை கழுத்துக்கு ஒண்டும் சுத்தாமல் ஏன் வெளியிலை விட்டனீங்கள்?” என்றார்.